இன்பாக்ஸுக்கும் கயிறு கட்டுங்க!

டிசம்பர் 31 ராத்திரி திருத்தணி மலைக்குப் போயிருக்கீங்களா? வருஷத்துக்கு 365 நாள், மலைக்கும் 365 படி. படிக்குப் படி கற்பூரம், பஜனைப் பாட்டு. மேலே போனா தர்ம தரிசனத்துக்கு ஒரு க்யூ, சிறப்பு தரிசனத்துக்கு ஒரு க்யூ. இந்தக் கூட்டத்துல க்யூ இல்லேன்னா என்ன ஆகும்? உங்க ஜிமெயில் இன்பாக்ஸ் மாதிரி ஆகும்!

சிரிக்காதீங்க. திருத்தணியிலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலேறும் நண்பர் ஒருத்தர், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சந்தேகத்தை ஒரு மின்மடல் குழுவுக்கு அனுப்பினார். மட்டுறுத்துநர் (அதாங்க, மாடரேட்டர்) ஓகே சொன்னாத்தான் மடல் வெளியே போகும். இன்பாக்ஸ்ல மடலைக் காணோம். 'ரிஜெக்ட் பண்ணிட்டாங்க போல'ன்னு மறுபடி அனுப்பினார். மறுபடியும். கடைசியில கிடைச்சது திட்டு!

விஷயம் இதுதான்: குழுவுக்கு நீங்க அனுப்பின மடல் திரும்பி உங்களுக்கே வந்தா, ஜிமெயில் அதை இன்பாக்ஸ்ல காட்டாது. மடல் முதல் நாளே போயிடுச்சு. பதிலும் வந்துடுச்சு, இன்டர்ன்ஷிப்புக்கான அழைப்போட. தள்ளுபடி விளம்பரங்களுக்கு அடியில கிடந்த அதை நண்பர் பார்த்தப்போ, கடைசி தேதி தாண்டிப் போச்சு.

அதனால ஃபில்டர் போடுங்க. மொபைல் ஆப்ல முடியாது. கம்ப்யூட்டர்ல ஜிமெயிலைத் திறக்கணும். தேடும் பெட்டியின் ஓரத்துல இருக்கிற ஐகானை க்ளிக்கினா ஒரு படிவம் வரும். அனுப்புநர் பெயரை வெச்சுப் பிரிக்காதீங்க, குழுவுல ஆளுக்கு ஒரு பெயர். சப்ஜெக்ட்டும் மாறும். ஆனா குழு மடல்களோட தலைப்பகுதியில 'லிஸ்ட்-ஐடி'ன்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும். 2001-லயே வந்த தர நிர்ணயம் அது. 'ஹேஸ் த வேர்ட்ஸ்' கட்டத்துல இங்கிலீஷ்ல லிஸ்ட்னு அடிச்சு, முக்காற்புள்ளி வெச்சு, இடைவெளி விடாம குழுவின் முகவரியைப் போடுங்க. லேபிள் கொடுத்து, 'நெவர் சென்ட் இட் டு ஸ்பாம்' கட்டத்தையும் டிக் பண்ணுங்க. ஸ்பாம்ல விழுந்தது 30 நாள்ல அழிஞ்சிடும். 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' மட்டும் வேணாம் ப்ளீஸ்! லேபிளுக்குள்ள போய்ப் பார்க்கிற சமர்த்துப் பிள்ளைங்க நாம இல்லையே.

இன்னொரு ஃபில்டர்தான் கில்லாடி. மெயில்மேன் மென்பொருள்ல ஓடுற குழுக்கள்ல, மடல் காத்திருந்தா 'அவெய்ட்ஸ் மாடரேட்டர் அப்ரூவல்'னு சப்ஜெக்ட்ல போட்டு ஒரு தகவல் வரும். அந்தச் சொற்களுக்கு 'நிலுவை'ன்னு தனி லேபிள் கொடுங்க. மடல் வெளியானதா தெரியணுமா? உங்க இன்னொரு முகவரியையும் குழுவுல சேர்த்துடுங்க. அங்கே வந்ததும் 'நிலுவை'யை எடுத்துடலாம்.

'வாட்ஸ்அப் காலத்துல மடல் குழுவா?'ன்னு கேட்கிறீங்களா? லினக்ஸ் கெர்னல் வேலை இன்னிக்கும் மடல் குழுவுலதான் நடக்குது. 1998 பொங்கலன்னிக்குத் தொடங்கின மதுரைத் திட்டத்துல, பல நாட்டுத் தமிழர்கள் மடல்லயே பேசிப் பழைய நூல்களைத் தட்டச்சு பண்ணிச் சேர்த்தாங்க. அவங்க காலத்துல ஜிமெயிலே கிடையாது, அது வந்தது 2004-ல!