குழலின் மறுமுனை

விந்தை வடிவத் துப்பாக்கிகளைத் திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் காட்டுவது வெறும் கைவினை வியப்பு என்றும், அதில் தீங்கு தேடுவது குறுகிய மனத்தின் வேலை என்றும் வாதிடுவோர் உளர். கற்றவர்களும் இப்படிப் பேசுவதால் இவ்வாதத்தை உரசிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

துப்பாக்கியை அறபு மொழி ‘புந்துக்கிய்யா’ என்கிறது. ‘புந்துக்’ என்பது ஒரு கொட்டையின் பெயர். அக்கொட்டையளவு உருண்டைக்கு அப்பெயர் வந்து, பின்னர் அவ்வுருண்டையை எய்யும் கருவிக்கும் ஆகிற்று. உருதுவின் ‘பந்தூக்’கும் இவ்வழியில் வந்ததே. கருவியின் அழகைக் கொண்டு இப்பெயர் அமையவில்லை. அதிலிருந்து புறப்பட்டுப் போய்த் தைப்பதைக் கொண்டே அமைந்தது. மொழி மறவாத இவ்வுண்மையைத் திரை மறக்கச் செய்கிறது. என் வழக்கு இதுவே.

சான்றுக்கு வருவோம். ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் 1896ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய கைத்துப்பாக்கி ஒன்றுண்டு. தோட்டாப் பெட்டி விசைக்கு முன்னால் இருக்கும். கைப்பிடி துடைப்பக் காம்பு போலிருக்கும். அதன் மர உறையைப் பின்புறம் பொருத்தினால் தோளில் அண்டக் கொடுத்துச் சுடலாம். உதுமானிய அரசும் இதில் 1,000 வாங்கிற்று. குறிபார்க்கும் தகட்டில் அறபு எழுத்து வடிவ எண்களே பொறிக்கப்பட்டன. ஆகவே இது ஒரு சாரார் மீது மட்டும் சாட்டும் குற்றமன்று.

1898 செப்டம்பர் 2ஆம் நாள் சூடானின் உம்துர்மானில் போர் மூண்டது. மஹ்தியின் வழிவந்த கலீபா அப்துல்லாஹியின் படையில் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். எதிர்த்தரப்பான ஆங்கில–எகிப்தியப் படையில் இறந்தோர் 50 பேர்கூட இல்லை. இப்பேரழிவை நிகழ்த்தியவை பெரும்பாலும் பீரங்கியும் மேக்சிம் இயந்திரத் துப்பாக்கியும் நீள்துப்பாக்கியுமே. ஆயினும் அன்று குதிரைப் படையில் பாய்ந்த இளம் அதிகாரி வின்ஸ்டன் சர்ச்சிலின் கையிலிருந்தது மவுசர். அதைக்கொண்டு தாம் மிக அருகில் சுட்டதை அவரே பின்னாளில் தம் வாழ்க்கை நூலில் எழுதினார்.

1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படம் வந்தது. அதில் ஹான் சோலோ ஏந்தும் ஒளி ஆயுதம் வேறன்று. தொலைநோக்கியும் வேறு சில உறுப்புகளும் பூட்டிய அதே மவுசர்தான். உம்துர்மான் மணலில் மனிதனைச் சாய்த்த கருவி, விண்வெளியில் சிறுவர் மனங்கவர்ந்த பொம்மையாயிற்று. குழந்தைக்கு அதன் வடிவம் தெரியும். அதன் வரலாறு தெரியாது. வடிவத்தை மட்டும் கற்பித்து வரலாற்றை மறைக்கும் கல்வியை எந்தப் பள்ளியில் நாம் ஏற்றுக்கொள்வோம்?

மற்றொன்று, ‘மினிகன்’ என்னும் ஆறு குழல் துப்பாக்கி. வியத்நாம் போர்க்காலத்தில் ஹெலிகாப்டரில் பொருத்துவதற்காக ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் இதை உருவாக்கிற்று. மின்விசையால் சுழன்று நிமிடத்திற்கு 6,000 குண்டுகள் வரை பொழியும். தோட்டாக்கள் நீங்கலாகவே ஏறத்தாழ 39 கிலோ எடை. 1987இல் வந்த ‘பிரிடேட்டர்’ படத்தில் ஒரு வீரன் இதைக் கையில் தூக்கிச் சுடுகிறான். உண்மையில் நடிகரின் உடைக்குள் மின்கம்பி ஓடியது. சுடும் வேகம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. வெடித்தவை வெற்றுத் தோட்டாக்கள். பொய் இத்துடன் நின்றிருந்தாலும் பொறுக்கலாம். 1991இல் ‘டெர்மினேட்டர் 2’ வந்தது. கொல்வதில்லை என்று சிறுவனுக்கு வாக்களித்த இயந்திர மனிதன், இதே துப்பாக்கியால் காவல்துறை வாகனங்களைச் சல்லடையாக்குகிறான். அவன் கண்ணில் ஒரு கணக்குத் தெரிகிறது: மனித உயிரிழப்பு 0.0!

“பார்த்தீர்களா, படம் கொலையை மறுக்கிறதே!” என்பர். அன்று, அன்பர்களே! சுடும் இன்பத்தையும் வேண்டி, சுடாதவனின் தூய்மையையும் வேண்டும் ஆசையே அந்தப் பூச்சியம். கொன்றதாகக் காட்டும் படத்திலாவது குருதி கண்டு குழந்தை அஞ்சும். இங்கோ அஞ்சுவதற்கும் வழியில்லை. மழையெனக் குண்டு பொழிந்தும் ஒருவரும் சாகாத உலகம் ஒன்றைக் காட்டுவதைவிடப் பெரிய பொய் எது?

“எல்லாம் நடிப்பு” என்பதும் முழு உண்மையன்று. 1993இல் ‘தி க்ரோ’ படப்பிடிப்பில், குழலுக்குள் சிக்கியிருந்த குண்டின் முனையை வெற்றுத் தோட்டா உந்தித் தள்ள, 28 வயது நடிகர் பிராண்டன் லீ மாண்டார். 2021 அக்டோபரில் ‘ரஸ்ட்’ படத்தின் ஒத்திகையில், துப்பாக்கியில் உண்மைத் தோட்டா இருந்ததால் ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் உயிரிழந்தார். அவை விந்தைத் துப்பாக்கிகளல்ல. பழகிய சுழல் துப்பாக்கிகளே. எனினும் நடிப்புக்கென்று ஏந்தினாலும் இரும்பு இரும்பாகவே இருக்கிறது.

கருவியின் நுட்பத்தைக் கற்பது குற்றமென்று நான் சொல்லவில்லை. பொறியியல் ஓர் அறிவு. அறிவை வெறுப்பது நம் மரபன்று. ஆனால் பாதியாக நின்றுவிட்ட அறிவு மயக்கமாகும். கைப்பிடி எப்படி, குழல் எத்தனை என்று வியக்கும் பிள்ளையைக் கடிந்து எழுப்பிவிட வேண்டா. அருகில் அமர்ந்து ஒன்றைக் கேளுங்கள்: “அக்குழலின் மறுமுனையில் நிற்பவன் யார்? அவனுக்குத் தாய் இல்லையா?” இக்கேள்விக்கு விடை தேடப் பழகிய கண்ணை எந்த விந்தை வடிவமும் மயக்காது. அக்கேள்வியைக் கேட்கும் பொறுப்பு திரைக்கு இல்லாமற் போகலாம், பெற்றோருக்கு உண்டு.