இலவசப் பாடம் மலையேற வேண்டும்

22 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் கேரளத்துப் பொன்முடி மலைக்குப் போகிறவர்கள், மூடுபனியோடு நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அங்கே தேயிலைத் தோட்டம் இருக்கிறது, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு.

அந்தப் பிள்ளைகளுக்குக் காட்ட இலவசப் பாடப்பொருள் இல்லை என்று கேரளத்தில் எந்த ஆசிரியரும் குறைப்பட முடியாது. கல்விக்கென்றே இந்தியா 2004இல் ஏவிய எஜுசாட் செயற்கைக்கோளைக் கொண்டு, மறு ஆண்டே திருவனந்தபுரத்தில் விக்டர்ஸ் அலைவரிசையை அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான 'கைட்'டின் சமக்ரா தளத்தில் வகுப்புவாரியாகப் படங்கள், காணொளிகள், பயிற்சிகள் கிடைக்கின்றன. தொடக்க வகுப்புகளுக்குக் 'களிப்பெட்டி' என்ற கணினிப் புத்தகம் உண்டு. பள்ளி மடிக்கணினிகளில் ஓடுவதும் கட்டற்ற மென்பொருள்தான். உரிமக் கட்டணம் கிடையாது. ஜிகாம்ப்ரிஸ், டக்ஸ் பெயிண்ட் போன்ற சிறுவர் மென்பொருள்களை ஒருமுறை ஏற்றிவிட்டால் பிறகு இணையமே வேண்டாம். சிக்னல் வந்து வந்து போகும் மலைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

ஆனாலும் தளத்தில் இருப்பது வேறு, வகுப்பில் ஓடுவது வேறு. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 1 அன்று, விக்டர்ஸ் வழியே 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கியபோது, தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர் என்று கணக்கெடுப்பு சொன்னது. பாடம் இலவசம், பார்க்க வழியில்லை. அந்த இடைவெளியை அரசு மட்டும் அடைத்துவிடவில்லை. ஊர் வாசகசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. கட்சிக்காரர்களும் சங்கத்தாரும் வாங்கிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 12 அன்று, பொதுக்கல்வி முழுவதும் டிஜிட்டலான முதல் மாநிலம் என்று கேரளம் அறிவித்துக்கொண்டது. அந்தப் பெருமையில் பாதி, பெயர் தெரியாத அந்த வாசகசாலைக்காரர்களுக்குச் சேர வேண்டியது.

பெருந்தொற்று போனதும் அந்த வேகமும் தணிந்துவிட்டது. இப்போது சுமை முழுவதும் ஆசிரியர் தலையில். மலைப்பள்ளியில் ஒருவரே இரண்டு வகுப்பைப் பார்க்க நேரலாம். அவர் எப்போது தேடுவார், எப்போது இறக்குவார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் எப்போது மாற்றிச் சொல்வார்? ஆசிரியருக்கு ஆர்வமில்லை என்று பழிபோடுவது எளிது, நியாயமல்ல.

தேடி இறக்கும் வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். உயர்நிலைப் பள்ளிகளில் 2018 முதல் 'லிட்டில் கைட்ஸ்' என்ற தகவல் தொழில்நுட்ப மாணவர் மன்றங்கள் இயங்குகின்றன. அடிவாரத்துப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை அடுத்த பாடங்களுக்கான காணொளிகளைப் பென் டிரைவில் ஏற்றி மலைப்பள்ளிக்குக் கொடுத்தனுப்ப என்ன தடை? பழுதாகும் புரொஜக்டரைச் சரிசெய்யும் செலவைப் பஞ்சாயத்து ஏற்கட்டும். ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் என்று 2023 ஜூனில் தொடங்கிய கேரள அரசின் கே-ஃபோன் திட்டம், லயங்களையும் மறக்காமல் கணக்கில் எடுக்கட்டும். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் போலவே இதையும் கேளுங்கள்: இந்த மாதம் பிள்ளைகளுக்கு என்ன காட்டினீர்கள்?

வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளும் இருப்பதால் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. அங்கே தமிழில் பாடம் சொல்லும் கல்வித் தொலைக்காட்சி 2019இலும், மணற்கேணி செயலி 2023இலும் வந்தன. பாடத்திட்டம் வேறுதான். ஆனால் கூட்டலும் கழித்தலும், செடியின் வேரும் இலையும் இரு மாநில எல்லையிலுள்ள வாளையாறு சோதனைச்சாவடியில் மாறிவிடுவதில்லை. எந்தக் கேரளப் பாடத்துக்கு எந்தத் தமிழ்க் காணொளி பொருந்தும் என்று ஒரு பட்டியல் போட்டால், பொன்முடிக்கு மட்டுமல்ல, இடுக்கி, பாலக்காடு தமிழ்வழிப் பள்ளிகளுக்கும் உதவும். இரண்டு மாநில ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு கோடை விடுமுறை போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களே, நீங்கள் முதலில் வாருங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கலாம்.