உள்ளூர்ப் புள்ளிக்கு விதிவிலக்கா?

மும்பையிலோ பெங்களூரிலோ புதிதாகக் கணக்குத் தொடங்கப் போகும் தொழிலாளியிடம் பாங்கு குமாஸ்தா ஆதார் கேட்கிறார், போட்டோ கேட்கிறார். "கார்டில் ஊர் விலாசம் இருக்கிறதே, இங்கே எங்கே தங்கியிருக்கிறீர்?" என்றும் கேட்கிறார். கேட்கட்டும், விதி அப்படி. ஆனால், மானேஜர் அறைக்கே நேராகப் போய் அமரும் அரசியல் புள்ளியிடம் இத்தனை கேள்வி கேட்பவர் யார்?

பெரிய இடத்துக் கணக்கு பாங்குக்குக் கௌரவம் என்ற நினைப்பு எங்கும் உண்டு. வாஷிங்டனில் 1836-ல் தோன்றிய ரிக்ஸ் பாங்குக்கும் இருந்தது. அமெரிக்க ஜனாதிபதிகள் பலரும் தூதராலயங்களும் கணக்கு வைத்திருந்த இடம் அது. சிலி நாட்டுச் சர்வாதிகாரி பினோஷேயும் அங்கே வந்தார். 1998-ல் அவர் லண்டனில் கைதான பிறகும் பாங்கு கைவிடவில்லை. கணக்கிலிருந்த 'பினோஷே' என்ற பெயரை எடுத்துவிட்டு, யாருக்கும் சட்டென்று புரியாத 'உகார்த்தே' என்ற பின்பெயரை மட்டும் வைத்துக்கொண்டது! ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினி ஆட்சியாளர்களுக்கும் அதே உபசாரம்தான். அந்த நாட்டின் எண்ணெய்ப் பணத்தோடு, பெட்டியில் கட்டுக்கட்டாக ரொக்கமும் வந்தது. யாருடைய பணம், எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டிய பாங்கு அதிகாரியே பெட்டியைச் சுமந்து வந்தார்.

2004 ஜூலையில் செனட் உபகமிட்டி எல்லாவற்றையும் அம்பலமாக்கியது. அதற்கு முன்பே, மே மாதம், இரண்டரைக் கோடி டாலர் அபராதம் விழுந்திருந்தது. 2005 ஜனவரியில் பாங்கு குற்றத்தை ஒப்புக்கொண்டு மேலும் 1.6 கோடி டாலர் கட்ட இசைந்தது. அபராதத்தைக் கட்டிவிடலாம், போன பெயரை எந்தப் பணத்தால் மீட்பது? அதே ஆண்டு மே மாதம் வேறொரு பாங்கு அதை வாங்கிக்கொள்ள, ரிக்ஸ் என்ற பெயர்ப் பலகை இறங்கியது.

இந்தியாவில் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் 2002-ல் வந்தது. சந்தேகமான வரவு செலவைப் பாங்குகள் டில்லியிலுள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் மூச்சு விடக்கூடாது. அரசியல் செல்வாக்குள்ளவர்களின் கணக்கைக் கூடுதல் கவனத்துடன் பார்க்கவும் விதி உண்டு. அவர்கள் யார்? 2023-ல் சேர்க்கப்பட்ட விளக்கத்தின்படி, வெளிநாடு ஒன்றின் உயர் பொறுப்பில் இருந்தவர்கள். வெளிநாட்டு மந்திரி என்றால் தோண்டித் துருவ வேண்டும். உள்நாட்டு மந்திரி சாதாரண வாடிக்கையாளர்! உள்நாட்டுப் பிரமுகர்களையும் கவனிக்க வேண்டும் என்று பன்னாட்டு நிதி நடவடிக்கைக் குழு 2012-லேயே சொல்லிவிட்டது. 2024-ல் இந்தியாவை ஆராய்ந்தபோதும் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது.

விவகாரம் வெடித்தால் முதலில் யார் தலை உருளும்? கவுண்ட்டரில் இருப்பவர் தலைதான். ரொக்கத்தை எண்ணி வாங்கியவர் அவர், வவுச்சரில் கையெழுத்தும் அவருடையது. "நம்ம ஆள், பார்த்துக்கொள்ளும்" என்று வாய்மொழியாகச் சொன்ன மேலதிகாரிக்குச் சாட்சி ஏது?

'வெளிநாடு' என்ற அந்த ஒரு சொல்லைச் சர்க்கார் விளக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். குமாஸ்தா தம் சந்தேகத்தைத் தேதியிட்டு எழுதிக் கொடுத்தால், அதைத் தள்ளிவிடும் அதிகாரி காரணத்தை எழுதி, அதன் கீழே தம் கையெழுத்தையும் போடட்டும்.