நிறுவனத்துக்காக எழுதுகிறவர்களுக்கு யார் துணை?

நம்மில் பலர் பகலில் ஒரு நிறுவனத்துக்காகவும் இரவில் நமக்காகவும் எழுதுகிறவர்கள். ஆண்டறிக்கையின் முன்னுரை, தலைவர் ஆற்றவேண்டிய உரை, ஊழியர்களுக்கான சுற்றறிக்கை, பத்திரிகைக் குறிப்பு என்று பகலில் எழுதுபவற்றை நாம் எழுத்தென்று கணக்கில் சேர்ப்பதில்லை. இலக்கியக் கூட்டங்களில் அவற்றைப் பற்றி வாய் திறப்பதும் இல்லை. வயிற்றுப்பாடு என்ற ஒற்றைச் சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஆட்குறைப்பு அறிவிக்கப்படும் நாளில் ஒரு தொழிலாளி வாசிக்கும் பத்து வரிகள், அவர் அதுவரை வாசித்த எந்தக் கதையைவிடவும் அவரை உலுக்கக்கூடியவை. அந்தப் பத்து வரிகளையும் நம்மைப் போன்ற ஒருவர்தான் எழுதுகிறார். அவற்றைச் செம்மையாகவும் நேர்மையாகவும் எழுத அவருக்கு யார் கற்றுத் தருகிறார்கள், தவறினால் யார் சுட்டிக்காட்டுகிறார்கள் என்பது சிறிய கேள்வியன்று.

இத்தொழிலுக்குச் சங்கங்கள் உண்டு. மாநாடுகளும் சான்றிதழ்களும் விருதுகளும் உண்டு. புதிதாக நுழைபவருக்கு மூத்தவர்கள் வழங்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றே: நெட்வொர்க்கிங் செய், ஆட்களைத் தெரிந்து வைத்துக்கொள். மாநாட்டுத் தேநீர் இடைவேளையில் விசிட்டிங் கார்டுகளை மாற்றிக்கொள்வதும், பிறகு லிங்க்டுஇன்னில் இணைப்பு வேண்டுவதும் தொழில் வளர்ச்சி என்று கருதப்படுகின்றன. அந்தப் பழக்கத்தால் பயனில்லை என்று நாம் சொல்லவரவில்லை. அதனால் கிடைக்காத ஒன்றுதான் இத்தொழிலுக்கு மிகவும் தேவை என்பதே நம் கருத்து.

முதலில் பயனைச் சொல்லிவிடுவோம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை இத்துறையில் பலரும் எடுத்துக்காட்டுவது. பாஸ்டனை அடுத்த புறநகர் ஒன்றில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரிடம், தகவல் தந்தவரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி சந்தித்ததாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காட்டினர் மட்டுமே. எப்போதாவது என்றவர்கள் 55.6 விழுக்காட்டினர், அரிதாக என்றவர்கள் 27.8 விழுக்காட்டினர். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் புதிய செய்தியைக் கொண்டுவரும் என்று அவர் இதை விளக்கினார். 2022இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, லிங்க்டுஇன் பயனர் ஏறத்தாழ 2 கோடிப் பேரை வைத்து இக்கருத்தைச் சோதித்தது. மிக நெருக்கமும் இல்லாத, முற்றிலும் அந்நியமும் இல்லாத இடைப்பட்ட பழக்கமே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகிறது என்று அது கண்டது. ஆக, கைகுலுக்கல் வீணில்லை. வேலை தேடுபவர் தயங்காமல் கைகுலுக்கலாம்.

ஆனால் வேலை கிடைப்பது வேறு. வேலையில் வளர்வது வேறு. காலியிடம் இருப்பதைச் சொல்லும் தூரத்து அறிமுகம், நாம் நேற்று எழுதிய அறிக்கையின் மூன்றாவது பத்தி ஒரு மழுப்பல் என்று சொல்லப்போவதில்லை. அதைச் சொல்ல நெருங்கி வாசித்த ஒருவர் வேண்டும். அவர் நம் நிறுவனத்துக்கு வெளியே இருப்பவராகவும் இருக்கவேண்டும்.

ஏன் வெளியே? கணக்கர் தம் முதலாளி சொன்னார் என்பதற்காக இருப்புநிலைக் குறிப்பை மாற்றி எழுதினால், அது தவறென்று சொல்ல அவருக்கு வெளியே ஒரு விதித்தொகுப்பும் உரிமத்தைப் பறிக்கக்கூடிய ஓர் அமைப்பும் உண்டு. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் அப்படியே. நிறுவனத் தொடர்பாளருக்கு உரிமம் இல்லை. அவருடைய எழுத்து நன்றாக இருக்கிறதா என்பதை முடிவு செய்பவர், அந்த எழுத்தால் ஆதாயம் அடைகிறவரே. ஒரு வரைவு மேலாளர், சட்டப் பிரிவு, மனிதவளப் பிரிவு, நிதிப் பிரிவு என்று சுற்றி வருகையில் ஒவ்வொருவரும் ஒரு சொல்லை நீக்கி இரண்டு சொற்களைச் சேர்க்கிறார்கள். ‘இருநூறு பேரை வேலையிலிருந்து நீக்குகிறோம்’ என்று புறப்பட்ட வாக்கியம், ‘எதிர்கால வளர்ச்சியை முன்னிட்டு மனித ஆற்றல் சீரமைக்கப்படுகிறது’ என்று வந்து சேர்கிறது. எழுதியவருக்கு முதல் ஆண்டில் இது உறுத்துகிறது. ஐந்தாம் ஆண்டில் அவரே முதல் வரைவிலேயே அப்படி எழுதப் பழகிவிடுகிறார். இந்தப் பழக்கத்துக்குத்தான் பல இடங்களில் அனுபவம் என்று பெயர்.

இந்தச் சிக்கல் புதிதன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் என்ற ஆலை நகரம். அங்கே நாள்தோறும் 12 மணி நேரத்துக்கும் மேலாக நெசவாலைகளில் உழைத்த இளம்பெண்களின் எழுத்துகளைத் தாங்கி 1840இல் ‘லோவெல் ஆஃபரிங்’ என்ற இதழ் தொடங்கியது. அது பிறந்த விதம் கவனிக்கத்தக்கது. வேலை முடிந்த மாலைகளில் தேவாலயத்தை ஒட்டிக் கூடிய வாசிப்பு வட்டங்களில் தாம் எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டி வந்தார்கள். அந்த வட்டங்களிலிருந்தே இதழ் முளைத்தது. 1842இல் லோவெலுக்கு வந்த சார்லஸ் டிக்கன்ஸ் அவ்விதழை முழுவதும் படித்து, தம் பயண நூலில் பாராட்டி எழுதினார். ஆனால் 1845இல் சேரா பாக்லி என்ற ஆலைத் தொழிலாளி, தொடக்கத்தில் அதே இதழில் எழுதியவர், அது ஆலை முதலாளிகளின் ஊதுகுழலாகிவிட்டது என்றும் ஆலையைக் குறை கூறும் எழுத்துகளுக்கு அங்கே இடமில்லை என்றும் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டினார். ஆசிரியர் ஹாரியெட் ஃபார்லி அதை மறுத்தார். அவ்வாண்டின் இறுதியில் இதழ் நின்றது. இருவரில் யார் பக்கம் நியாயம் என்று இங்கே தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை. ஆலையின் நிழலில் எழுதுகிறவர் யாருடைய குரலில் எழுதுகிறார் என்ற கேள்வி அன்றே கேட்கப்பட்டுவிட்டது என்பதையும், அதைக் கேட்டவர் அந்த எழுத்தின் உள்ளிருந்து வந்தவர் என்பதையும் மட்டும் குறித்துக்கொள்வோம்.

பின்னர் நிறுவன இதழ்கள் பெருகின. அவற்றின் ஆசிரியர்கள் தங்களுக்கென்று சங்கங்கள் அமைத்தார்கள். அமெரிக்காவில் இயங்கிய அத்தகைய இரு அமைப்புகள் 1970இல் ஒன்றாகி, ஐ.ஏ.பி.சி. எனப்படும் பன்னாட்டு வணிகத் தொடர்பாளர் சங்கமாயின. இணைந்த இரண்டின் பெயரிலும் ‘தொழிலக இதழாசிரியர்கள்’ என்ற சொல் இருந்தது. புதிய பெயரில் ஆசிரியர் மறைந்து தொடர்பாளர் வந்தார். வேலையின் எல்லை விரிந்ததால் நேர்ந்த மாற்றம் அது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் ஆசிரியர் என்ற சொல்லோடு ஒட்டியிருந்த ஒரு பொறுப்பும், ‘இதை அச்சிடமாட்டேன்’ என்று சொல்லும் உரிமையும் சற்றே மங்கியதாக நமக்குத் தோன்றுகிறது.

அச்சங்கத்தின் செயல்களில் நாம் மதிக்கும் ஒன்று உண்டு. கோல்ட் குவில் என்ற அதன் விருதுக்கு விண்ணப்பிப்பவர், தாம் உருவாக்கிய பணியோடு ஒரு திட்டக் குறிப்பையும் தரவேண்டும். எந்தத் தேவைக்காக எழுதினோம், யாருக்காக எழுதினோம், என்ன எதிர்பார்த்தோம், அது நடந்ததா, எப்படி அளந்தோம் என்பவை அதில் இருக்கவேண்டும். மதிப்பிடுபவர்களும் இதே தொழிலில் இருப்பவர்கள்; அவர்கள் தம் கருத்துகளை எழுதியும் தருகிறார்கள். விருது யாருக்குக் கிடைத்தது என்பதைவிட, முன்பின் அறியாத சகதொழிலாளி ஒருவர் நம் பணியை வரிவரியாகப் படித்து எழுதித்தரும் அந்தக் கருத்துரைதான் பெரிய பேறு.

நேர்மைக்கும் இதே வெளித்துணை வேண்டும். 1965இல் பன்னாட்டு மக்கள் தொடர்புச் சங்கம் ஏதென்ஸ் நகரில் ஓர் ஒழுக்க நெறித்தொகுப்பை ஏற்றது. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை அடியொற்றி அதை வரைந்தவர் பிரான்சைச் சேர்ந்த லூசியன் மாத்ரா. 1958இல் தொடங்கப்பட்ட இந்திய மக்கள் தொடர்புச் சங்கம், 1968 ஏப்ரலில் டில்லியில் கூடிய மாநாட்டில் அந்த நெறித்தொகுப்பைத் தனதாக்கிக்கொண்டது. இத்தகைய நெறிகள் சுவரில் மாட்டிவைக்கத்தான் என்று நாமும் நெடுநாள் எண்ணியிருந்தோம். 2017 அந்த எண்ணத்தைச் சற்று அசைத்தது.

லண்டனின் புகழ்பெற்ற மக்கள் தொடர்பு நிறுவனமான பெல் பாட்டிங்கர், தென்னாப்பிரிக்காவில் குப்தா குடும்பத்தின் ஓக்பே நிறுவனத்துக்காக ஒரு பரப்புரையை நடத்தியது. அது இனப்பகையைத் தூண்டுகிறது என்று அந்நாட்டு எதிர்க்கட்சியான ஜனநாயகக் கூட்டணி, பிரிட்டனின் மக்கள் தொடர்புத் தொழில்முறைச் சங்கமான பி.ஆர்.சி.ஏ.விடம் புகார் அளித்தது. விசாரணைக்குப் பின் 2017 செப்டம்பர் 4 அன்று, குறைந்தது ஐந்தாண்டுகளுக்கு அந்நிறுவனம் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டது. சங்கத்துக்கு உரிமம் பறிக்கும் அதிகாரமில்லை. சிறையிலடைக்கும் அதிகாரமும் இல்லை. ஆனாலும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். அடுத்த எட்டு நாட்களில் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குள் போயிற்று. உன் செயல் எங்கள் தொழிலுக்கு இழுக்கு என்று ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடிச் சொன்ன சொல்லுக்கு இருந்த எடை அது.

மறுப்புகள் எழும் என்பதை அறிவோம். பி.ஆர்.சி.ஏ. தீர்ப்புச் சொன்னபோது தென்னாப்பிரிக்காவில் தீங்கு நடந்து முடிந்திருந்தது. பெரிய சங்கங்களின் கட்டணம் சிறு ஊரிலிருந்து எழுதுகிறவருக்கு எட்டாது. மாநாடுகள் பல விருந்திலும் பரஸ்பரப் பாராட்டிலும் முடிகின்றன. இவை உண்மை. இலக்கிய அமைப்புகளை அறிந்த நமக்கு இது வியப்பளிக்கவும் இல்லை. ஆகவே பெரிய சங்கத்தில் சேர்ந்தால் போதும் என்று நாம் சொல்லவில்லை.

நாம் சொல்வது இன்னும் சிறியது. வெவ்வேறு நிறுவனங்களில் இருக்கும் ஐந்தாறு பேர் மாதம் ஒருமுறை கூடட்டும். ஒவ்வொருவரும் தாம் எழுதி, ஏற்கெனவே வெளியாகிவிட்ட ஒரு பக்கத்தைக் கொண்டுவரட்டும். வெளிவராத வரைவைக் கொண்டுவந்தால் நிறுவன ரகசியத்தை மீறியதாகும். மற்றவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இது யாருக்காக எழுதப்பட்டது? அவருக்குப் புரியுமா? இதில் சொல்லாமல் மறைத்தது எது? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்கையில் எழுதியவர் நெளிவார். அந்த நெளிவுதான் கல்வி. புலவர் அவையில் நூலை அரங்கேற்றிய பிறகே ஊருக்குக் கொடுத்த மரபு நம்முடையது. இடித்துரைப்பதை நட்பின் இலக்கணமாகச் சொன்ன வள்ளுவரும் நம்மவரே. அந்த வழக்கத்தைக் கவிதைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைப்பானேன்?

இன்று இதற்கு ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. 2022இன் இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, பத்திரிகைக் குறிப்பின் முதல் வரைவை இயந்திரமே எழுதிவிடுகிறது. புதியவர் கைபழகியது அந்த முதல் வரைவுகளில்தான். மூத்தவர் சிவப்பு மையால் அடித்துத் திருத்தியதைப் பார்த்தே அவர் கற்றார். இயந்திரம் தரும் வாக்கியம் வழுவழுப்பானது, எவரையும் உறுத்தாதது. அதில் எது உண்மை, எது மழுப்பல் என்று கண்டுபிடிக்கும் கண் வேண்டுமானால், அந்தக் கண்ணைப் பழக்குவதற்கு ஓர் இடமும் வேண்டும். அலுவலகம் அந்த இடத்தைத் தரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

லோவெல் பெண்கள் பன்னிரண்டு மணி நேர உழைப்புக்குப் பின்னும் கூடிப் படித்தார்கள். அவர்களில் ஒருவர்தான் பிறகு எழுந்து நின்று, இது யாருடைய குரல் என்று கேட்டார். நமக்கு அவ்வளவு நீண்ட வேலைநாள் இல்லை. பகலில் எழுதிய பக்கம் ஒன்றை அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வருவதற்கு நம்மைத் தடுப்பது கூச்சம் மட்டுமே.