சாச்சிக்கும் ஒரு மருந்துத் துண்டு

மாளிகாவத்தை மாடிவீட்டில் எங்களுக்கு மேலே இருக்கும் சாச்சிக்கு இது நான்காவது கீமோ. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையிலிருந்து வந்தால் மூன்று நாளைக்கு வாளி கட்டிலடியில்தான். சோறு கொதிக்கிற வாசத்துக்கே குமட்டும் என்று மகள் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சமைக்கிறாள். இஞ்சிப் பிளேன்டீயும் தங்கவில்லை. வாந்திக் குளிசைகளை மாற்றி மாற்றிக் கொடுத்தாயிற்று. போன கிழமை அவர் மகன் என்னைப் படியோரம் கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டான்: "நானா, கஞ்சா மருந்து வெளிநாட்டில குடுக்கிறாங்களாமே, இங்க எடுக்க ஏலாதா?"

அவன் குரல் தாழ்ந்ததற்குக் காரணம் உண்டு. ஹெரோயினும் ஐஸும் குலைத்த வீடுகள் எங்கள் தொடர்மாடியிலேயே இருக்கின்றன. ஆனால் அவன் கேட்டது சுருட்டிப் புகைப்பதை அல்ல. கஞ்சாவின் சத்தைப் போலச் செய்த ட்ரோனபினோல், நபிலோன் இரண்டும் கீமோ வாந்திக்கென்று 1985இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. பிள்ளைகளின் அடங்காத வலிப்புக்கு, செடியிலிருந்தே பிரித்தெடுத்த எபிடியோலெக்ஸ் 2018இல் வந்தது. புற்றுநோயை இவை குணமாக்காது. குணமாக்கும் என்று விற்பவனை நம்பாதீர்கள். சாச்சிக்கு வேண்டியது ஒரு கோப்பை கஞ்சி வயிற்றில் தங்குவது.

இங்கே கஞ்சாவைத் தடுப்பது இன்னும் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டம்தான். ஆயுர்வேத வைத்தியர்களுக்கு மட்டும், 1961இன் ஆயுர்வேதச் சட்டம் மருந்துக்காகக் கஞ்சா பெற வழி வைத்தது. 2025இல் ஏற்றுமதிக்கென்று கஞ்சா பயிரிட வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் அனுமதி கொடுத்தார்கள். நம் மண்ணில் விளைவது பிறநாட்டு நோயாளிக்கு மருந்தாகும்போது, மேல்மாடியில் வாந்தி எடுக்கிறவருக்கு ஏன் ஆகக்கூடாது? எனக்கு இது பொறுக்கவில்லை.

"இது ஹராமில்லையா மகன்?" என்று சாச்சி கேட்டார். அபினிலிருந்து வரும் மோர்பீனைப் புற்றுநோய் வலிக்கு டொக்டர் எழுதும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை. அதைப் பூட்டி வைக்கிறோம், கணக்கெழுதிக் கொடுக்கிறோம். அந்த ஒழுங்கு இதற்கும் போதும்.

பாராளுமன்ற உறுப்பினர்களே, கடைகளைத் திறக்கச் சொல்லவில்லை. கடும் நோயாளிக்கு, அரச வைத்தியசாலை விசேட வைத்தியர் எழுதினால், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை பதிவுசெய்த மருந்தை, அளவோடு கொடுக்க ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். சாச்சியின் ஐந்தாவது கீமோ வருகிற மாதம்.