ஊற்றிய தண்ணீர் எங்கே போச்சு?

பௌர்ணமிக்கு எங்கள் திருவண்ணாமலைக்கு வந்து போகிற சகோதரிகளுக்கு இந்தக் காட்சி பழக்கமாகத்தான் இருக்கும். ஊருக்குள் நுழைகிற ரோட்டில் பழைய டீசல் கார் ஒன்று பானெட்டைத் திறந்தபடி ஓரமாக நிற்கும். உள்ளேயிருந்து ஆவி கிளம்பும். கணவர் கையில் தண்ணீர் பாட்டில், மனைவியின் இடுப்பில் குழந்தை. "கிளம்பறப்பதானே ரொப்பினேன்!" என்பார் அவர்.

ரொப்பினது சரி. ரொப்பின தண்ணீர் எங்கே போச்சு? அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். பால் அரை டம்ளர் குறைந்தாலும், காஸ் நாலு நாள் முன்னாடியே தீர்ந்தாலும் கண்டுபிடிக்கிற நமக்கு இது பெரிய வித்தை இல்லை.

அம்பாசடர் கார் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனாலும் டீசல் அம்பாசடர், டாடா சுமோ, குவாலிஸ் என்று பழைய வண்டிகளைக் காப்பாற்றி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வயதான வண்டியில் ரப்பர் குழாய் வெடிக்கும், கிளிப் தளரும், ரேடியேட்டர் அரிக்கும். அது இயற்கை. எங்கே என்று தெரியாமல் தினமும் ஊற்றிக்கொண்டே இருப்பதுதான் தப்பு.

ரேடியேட்டரும் நம் பிரஷர் குக்கரும் ஒரே ஜாதி. மூடி அழுத்தத்தை அடக்கி வைப்பதால், உள்ளே இருக்கிற கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. எங்காவது கசிந்தால் அழுத்தம் இறங்கும், உடனே கொதிக்கும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்வித்துக்கொண்டே வரும். ஊருக்குள் கூட்டத்தில் ஊர்ந்து போகும்போது அந்தக் காற்று கிடையாது. அதனால்தான் வழியெல்லாம் சமர்த்தாக வந்த வண்டி, சித்ரா பௌர்ணமி வெயிலில் ஊர் எல்லையில் மானத்தை வாங்குகிறது.

வெயிட் அடங்காத குக்கரைத் திறப்பீர்களா? சூடான ரேடியேட்டர் மூடியையும் திறக்கக் கூடாது. முகமும் கையும் வெந்துபோகும். இன்ஜினை நிறுத்தி, குறைந்தது முக்கால் மணி நேரம் பொறுங்கள். தப்பித் தவறி ஆவி பட்டுவிட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள். இங்க், பற்பசை, மாவு எதுவும் தடவ வேண்டாம்.

துப்புத் துலக்குவது எப்படி?

முதல் நாள் சாயந்திரம் வண்டி நின்றதும், இன்ஜினுக்குக் கீழே பழைய செய்தித்தாளையோ அட்டைப் பெட்டியைப் பிரித்தோ விரித்து வையுங்கள். மறுநாள் வாசல் தெளிப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள். தெளித்துவிட்டால் சாட்சி போச்சு!

பச்சையோ, சிவப்போ, ரோஸோ, வழவழவென்று இருந்தால் அது கூலண்ட். கறுப்பாகப் பிசுக்கென்று இருந்தால் இன்ஜின் ஆயில். நிறமும் வாசனையும் இல்லாத வெறும் தண்ணீர், அதுவும் ஏ.சி. போட்டு வந்த அன்றைக்கு மட்டும் என்றால், அது ஏ.சி. தண்ணீர், பயமில்லை. சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

எங்கள் தெருவில் ஒரு டீசல் அம்பாசடர் உண்டு. பெங்களூர் போய் வந்தால் ஒரு லிட்டர் குறையும். "ரேடியேட்டரையே மாத்தணும்" என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். அந்த வீட்டு அம்மாள் பேப்பரை விரித்துப் பார்த்தார். சொட்டு ரேடியேட்டருக்கு அடியில் இல்லை; சற்றுப் பின்னால், ஃபேனுக்கு நேர் கீழே. வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியாகத்தான் ஒழுகும். பம்ப்பை மாற்றினார்கள், ரேடியேட்டர் பிழைத்தது.

பேப்பரில் ஒன்றுமே இல்லையா? வண்டி ஆறிய பின் டார்ச் அடித்துப் பாருங்கள். ஒழுகும் குழாயடியில் உப்புப் பூத்திருக்குமே, அதே மாதிரி கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ தடம் இருக்கும். ஹோஸ் முனைகள், கிளிப்புகள், ரேடியேட்டரின் ஓரத் தையல், மூடியின் ரப்பர் வளையம் எல்லாவற்றையும் பாருங்கள். சூட்டில் மட்டும் கசிகிற ஓட்டையும் உண்டு. அதற்கு மெக்கானிக்கிடம், "பிரஷர் பம்ப் போட்டு டெஸ்ட் பண்ணுங்கள்" என்று கேளுங்கள். வண்டி ஆறியிருக்கும்போதே காற்றழுத்தம் கொடுத்துக் கசிவை வெளியே கொண்டுவந்துவிடலாம்.

வெளியே எங்கும் தடமில்லை, ஆனால் தண்ணீர் குறைகிறது என்றால் ஜாக்கிரதை. உள்ளே போகிறது என்று அர்த்தம். ஹீட்டர் உள்ள வண்டியானால் கால்மிதி ஈரமாகி இனிப்பு வாடை வரும். ஆயில் பார்க்கும் கம்பியை உருவிப் பாருங்கள். பால் விட்ட காபி நிறத்தில் இருக்கிறதா? இன்ஜின் சூடேறிய பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை வருகிறதா? ராத்திரி முழுக்க ஆறிய பின்னும் மேல் ஹோஸ் விறைப்பாக இருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். டீசல் இன்ஜினுக்குள் அழுத்தம் பெட்ரோல் இன்ஜினைவிட அதிகம். காஸ்கெட் விட்டுப்போனால் விபரீதம் சீக்கிரம் முற்றும். அந்த வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வெளியூர் கிளம்பாதீர்கள்.

மஞ்சள் தூள் வைத்தியம்

ரேடியேட்டரில் மஞ்சள் தூளைக் கொட்டினால் ஓட்டை அடையும் என்பது டிரைவர்களின் பழைய கைவைத்தியம். சின்னக் கசிவு அப்போதைக்கு அடைபடலாம். ஆனால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அது அடைத்துவிடும். நடுவழியில் வேறு கதியில்லை என்றால் மட்டுமே! வீடு வந்ததும் கழுவிச் சரி செய்யுங்கள்.

போர் தண்ணீரையும் ஊற்றாதீர்கள். வெந்நீர் அண்டாவில் வெள்ளையாகப் படிகிறதே, அது இன்ஜினுக்குள்ளும் படியும். கூலண்ட்டைச் சரிபாதி டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுவதே வழக்கம்.

தாய்மார்களே, இதை மறக்காதீர்கள்

கூலண்ட்டில் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. அது இனிக்கும்; ஆனால் விஷம். தரையில் தேங்கிய பச்சைத் தண்ணீரைத் தவழும் குழந்தை தொட்டு வாயில் வைக்கலாம், நாய் நக்கலாம். முதலில் தள்ளாட்டமும் மயக்கமும் வரும். பிறகு சிறுநீரகத்தைக் கெடுக்கும். சொட்டைக் கண்டதும் மண் போட்டு ஒற்றி எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலம்புங்கள். மீதிக் கூலண்ட்டை ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை குடித்துவிட்டதென்று சந்தேகம் வந்தால்கூட, நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காமல், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த பயணத்துக்கு முன் டிக்கியில் 5 லிட்டர் நல்ல தண்ணீர், இரண்டு ஹோஸ் கிளிப், ஒரு ஃபேன் பெல்ட், ஒரு தடித்த துண்டு இவற்றை வைத்துவிடுங்கள். வாரம் ஒரு தரம், ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டி ஆறியிருக்கும்போது கூலண்ட் மட்டத்தைப் பார்த்து, பால் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு இருந்தால் கசிவு ஒளிய முடியாது.