முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம்

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புகளுக்கான டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்துக் கட்டும் முன்வரி) பிடித்தத்தை 2 சதவீதமாகக் குறைத்த 2026 நிதிநிலை அறிக்கையை நடுத்தர மக்களுக்குக் கிடைத்த பெரிய சலுகை என்கிறார்கள். 5 சதவீதமும் 20 சதவீதமுமாக இருந்தது 2 ஆனது உண்மைதான். யாரிடமிருந்து பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் எவரும் பேசுவதில்லை.

ஆரணிப் பக்கம் பெரணமல்லூரில் பட்டுத்தறி ஓட்டும் ஒரு வைணவக் குடும்பத்துக்கு நேபாளத்து முக்திநாத் வாழ்நாள் ஆசை. பக்கத்துத் தெரு இஸ்லாமியக் குடும்பத்துக்கு உம்ரா. இன்னொரு வீட்டில் இலங்கைக் கதிர்காமம். விமானமே ஏறியிராதவர்கள் அறையையும் வண்டியையும் தாங்களே பதிவு செய்துகொண்டு போக மாட்டார்கள்; ஏஜென்சியிடம் மொத்தமாகப் பணம் கட்டித்தான் போவார்கள். தலைக்கு 70,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கணவன் மனைவி இருவருக்கும் 1,40,000. பழைய 5 சதவீத விகிதத்தில் அதில் 7,000 ரூபாய் பிடித்தம், இப்போது 2,800. வருமான வரி வரம்புக்குள்ளேயே வராத கூலி நெசவாளர் அந்தப் பணத்தைத் திரும்பப் பெற, வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு ஆரணிக்குப் போய் ஓர் ஆடிட்டரைப் பிடிக்க வேண்டும், அவருக்கும் கட்டணம் தர வேண்டும். பான் எண் இல்லையென்றால் பிடித்தம் இன்னும் கூடும்.

இப்போது வசதியுள்ள பயணியைப் பாருங்கள். அவர் தொகுப்பு எதையும் வாங்குவதில்லை. ஃபாரெக்ஸ் கார்டில் 9 லட்சம் ரூபாய் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறார். ஃபாரெக்ஸ் கார்டு சேரும் தாராளப் பணவனுப்புத் திட்டத்தில் (எல்.ஆர்.எஸ்.) ஆண்டுக்கு 10 லட்சம் வரை டி.சி.எஸ். கிடையாது, அவரிடம் ஒரு ரூபாய்கூடப் பிடிக்க மாட்டார்கள். வெளிநாட்டில் கிரெடிட் கார்டு தேய்ப்பவருக்கோ 10 லட்சத்தைத் தாண்டினாலும் பிடித்தம் இல்லை. 2023 மே 16-ல் வெளிநாட்டுக் கிரெடிட் கார்டு செலவையும் இத்திட்டத்துக்குள் கொண்டுவந்து அறிவித்த அரசு, எதிர்ப்பு கிளம்பியதும் ஜூன் 28-லேயே அதை நிறுத்திவைத்தது. இன்றுவரை அப்படியே கிடக்கிறது. ஒன்பது லட்சம் கொண்டுபோகிறவருக்குப் பூஜ்யம், ஒன்றரை லட்சம்கூடக் கட்டாதவருக்கு முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம்! வரம்பே இல்லாமல் வசூலிப்பதற்கு இவர்கள் தேர்ந்தெடுத்த ஆள் யார் என்று பாருங்கள்.

கார்டுக்காரர்கள் சத்தம் போட்டார்கள், அரசு ஆறு வாரத்தில் பின்வாங்கியது. தறிக்குழியில் கால் வைத்திருப்பவரின் குரல் டெல்லிக்கு எட்டவில்லை. இதைவிட அப்பட்டமான பாரபட்சம் வேறென்ன வேண்டும்?

“இது வரியே அல்ல, திரும்பக் கிடைக்கும் முன்பணம்” என்பது அதிகாரிகளின் ஆயத்தப் பதில். திரும்பத் தரப்போகிற பணத்தை எதற்காக வாங்க வேண்டும்? “வெளிநாட்டுப் பயணம் ஆடம்பரம்” என்பவர்களுக்குப் பதில் சொல்லவே தேவையில்லை. ஆயுளுக்கு ஒருமுறை போகும் தலயாத்திரை ஆடம்பரமாகாது.

யாத்திரை போகிறவர் கையிலிருந்து உண்மையில் பணம் கசியும் இடம் வேறு. வெளிநாட்டில் கார்டு தேய்த்தால் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை மாற்றுக் கட்டணம் எடுக்கின்றன, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. கடை இயந்திரம் “ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா” என்று கேட்கும். ரூபாய் என்று சொன்னால் கடைக்காரர் தரப்பு வங்கி தன் விருப்பத்துக்கு ஒரு விகிதம் போடும். உள்ளூர்ப் பணம் என்றே அழுத்துங்கள். இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் யு.பி.ஐ. செல்கிறது, நேபாளத்திலும் செல்கிறது. முதல்முறை போகிறவருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க அரசு ஒரு துண்டறிக்கையாவது அச்சிட்டிருந்தால், அது இந்த வரிக் குறைப்பைவிட அதிகம் மிச்சப்படுத்தியிருக்கும்.

ஃபாரெக்ஸ் கார்டுக்குத் தரும் அதே 10 லட்ச வரம்பைத் தொகுப்புப் பயணத்துக்கும் தர வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கை வரை காத்திருக்காமல், நாடாளுமன்றத்தின் வரும் கூட்டத்தொடரிலேயே ஆரணி மக்களவை உறுப்பினர் இதை எழுப்ப வேண்டும்.